பாக்கி அடுத்த மாதம்: உமேரா அஹ்மத் குறித்து வாசகர் கேள்விகள்

இரண்டு இதழ்களுக்கு முன்பு, தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதும் நாவலாசிரியர்களைப் பற்றிய ஒரு பதிலில், பாகிஸ்தானிய எழுத்தாளர் உமேரா அஹ்மத்தின் பெயரைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டதால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

வெள்ளவத்தை வாசகி ஒருவர்: மகளின் கைப்பேசியில் ‘ஸிந்தகி குல்ஸார் ஹை’ என்ற உருதுத் தொடரை இருபத்தாறு பகுதிகளும் பார்த்து முடித்தேன். மொழி விளங்காவிட்டாலும் கீழே ஓடிய ஆங்கில வரிகளைக் கொண்டு சமாளித்தேன். எழுதியவர் பெயர் ஒவ்வொரு நாளும் வந்து போனதே தவிர, அவர் யார் என்று அறிய முடியவில்லை. அவரது எழுத்து வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்வீர்களா?

உமேரா அஹ்மத் 1976 டிசம்பரில் பஞ்சாப் மாகாணத்தின் சியால்கோட் நகரில் பிறந்தவர். கிரிக்கெட் மட்டையும் உதைபந்தும் வாங்கும்போது நம் கடைக்காரர்கள் பெருமையோடு சொல்லும் அதே சியால்கோட்தான். அங்குள்ள மரே கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். கவிஞர்கள் இக்பாலும் ஃபைஸும் படித்த கல்லூரி அது. பின்னர் அதே ஊரில் கேம்பிரிட்ஜ் பாடத்திட்ட மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்து, எழுத்தே முழுநேரம் என்றான பிறகு ஆசிரியத் தொழிலை விட்டார். ஆங்கிலம் படித்து, ஆங்கிலம் கற்பித்து, எழுதுவதற்கு மட்டும் உருதுவைத் தேர்ந்த ஒருவர் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் எழுதத் தொடங்கியது 1998 அளவில், பெண்களுக்கான மாத ‘டைஜஸ்ட்’ சஞ்சிகைகளில். டைஜஸ்ட் என்றதும் ஆங்கிலச் சஞ்சிகையை நினைத்துவிட வேண்டாம். கராச்சியிலிருந்து வெளிவரும் ‘கவாதீன்’, ‘ஷுஆ’, ‘கிரண்’ போன்றவை கையடக்கமானவை, மட்டமான தாளில் நெருக்கமாக அச்சிடப்பட்டவை. அட்டையில் பெரும்பாலும் அலங்கரித்த ஒரு பெண் முகம் இருக்கும். சிற்றூர்களிலிருந்து பெண்கள் அஞ்சலில் அனுப்பும் கதைகளை வெளியிட்டு, சிற்றூர்களிலுள்ள பெண்களுக்கே அவை விற்கப்படுகின்றன. நீங்கள் பார்த்த தொடரின் மூலக் கதையும் அப்படி ஒரு டைஜஸ்டில் வெளிவந்ததுதான். இருபத்திரண்டு வயதை அண்டிய ஒரு பெண்ணின் தொடக்ககால எழுத்து அது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாகவே இருந்தது.

இந்த டைஜஸ்டுகளை நான் கொழும்பிலேயே கண்டிருக்கிறேன். 2000 ஆம் ஆண்டை அண்டிய நாட்களில் பம்பலப்பிட்டியில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு மேமன் குடும்பம் வசித்தது. கராச்சியிலிருந்து உறவினர் யாராவது வந்தால், துணிமணிகளுக்கு நடுவே நாலைந்து டைஜஸ்டுகளும் பெட்டியில் வந்துவிடும். அந்த வீட்டு மாமி, மாலையில் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து, தமக்குத் தெரிந்த தமிழில் எனக்குக் கதை சொல்லுவார். கதாநாயகி தந்தையின் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டும் இடத்தில் பக்கம் முடிந்துபோகும். கடைசி வரிக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்ததை விரலால் தொட்டுக் காட்டி, “பாக்கி ஆயிந்தா” என்று வாசித்துவிட்டு, “மகன், பாக்கி அடுத்த மாசம்” என்பார். நமது ‘தொடரும்’ என்பதற்கு அவர்கள் போடும் சொல் அது. கடைக்காரரிடம் நாம் வைக்கும் பாக்கியும் அதே பாக்கிதான். அது யார் எழுதிய கதை என்று அன்று நான் கேட்டுவைக்கவில்லை. அடுத்த மாதம் கராச்சியிலிருந்து யாரும் வரவுமில்லை. கதவு திறந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

உமேராவின் தொலைக்காட்சி வெற்றிக்கு இந்தப் ‘பாக்கி’யே பயிற்சிக்கூடமாக இருந்தது என்பது என் கணிப்பு. ஒரு மாதம் கழித்தும் வாசகி நினைவில் வைத்திருக்கும்படி ஒரு பகுதியை எங்கே நிறுத்துவது என்பதை டைஜஸ்டில் கற்றவருக்கு, ஒரு வாரம் கழித்துத் திரும்பி வரவேண்டிய பார்வையாளரைக் கட்டிவைப்பது பெரிய காரியமன்று.

அவருக்கு வாய்த்த காலமும் அப்படி. பாகிஸ்தானில் 1964 இல் தொடங்கிய அரச தொலைக்காட்சி நெடுங்காலம் தனியாட்சி செலுத்தியது. 2000 ஆம் ஆண்டுக்குப் பின் ஏஆர்வை, ஜியோ, 2005 இல் ஹம் என்று தனியார் அலைவரிசைகள் வந்தபோது அவற்றுக்குக் கதை தேவைப்பட்டது. அலைவரிசைகள் குறிவைத்த பெண்கள் ஏற்கெனவே படித்து அழுது முடித்த கதைகள் டைஜஸ்டுகளில் குவிந்து கிடந்தன. ‘தோராஹா’, ‘மலால்’, ‘தாம்’, ‘மாத்’, ‘ஷெஹ்ர்-ஏ-ஸாத்’ என்று சில ஆண்டுகளுக்குள் அவரது எழுத்து அடுத்தடுத்துத் திரைக்கு வந்தது இப்படித்தான். நீங்கள் பார்த்த தொடர் ஹம் அலைவரிசையில் 2012 நவம்பர் முதல் 2013 மே வரை ஒளிபரப்பானது. இயக்கியவர் அந்த அலைவரிசையை நிறுவிய சுல்தானா சித்தீக்கி. 2014 இல் இந்தியாவில் ‘ஸிந்தகி’ என்ற அலைவரிசை தொடங்கியபோது அதன் தொடக்க நிகழ்ச்சிகளில் ஒன்றாக இது இடம்பெற்றது. அதன் பிறகே எல்லைக்கு இப்பாலும் அவரது பெயர் வீடுகளுக்குள் வந்தது.

தெமட்டகொடை வாசகர் ஒருவர்: நாவலைத் திரைக்கதையாக்கும்போது அவர் என்ன மாற்றுகிறார்? நம் வீடுகளில் ஓடும் இந்தியத் தமிழ்த் தொடர்கள் ஆயிரம் பகுதிகளைத் தாண்டும்போது, இவை மட்டும் எப்படி ஆறு மாதத்தில் முடிந்துவிடுகின்றன?

முதற்கேள்விக்கு இரண்டு உதாரணங்களை நெருக்கமாகப் பார்ப்போம்.

‘ஸிந்தகி குல்ஸார் ஹை’ நாவல் இருவரின் நாட்குறிப்புகளாலானது. கஷஃப் வறிய வீட்டுப் பெண். ஆண் குழந்தை வேண்டுமென்று தந்தை இரண்டாம் திருமணம் செய்துகொண்டு போய்விட, பள்ளிக்கூடத்தில் பணிபுரியும் தாயால் இரு தங்கைகளோடு வளர்க்கப்பட்டவள். ஸாரூன் செல்வந்த வீட்டுப் பையன். ஒரே சந்திப்பை அவள் ஒரு விதமாகவும் அவன் வேறு விதமாகவும் எழுதிவைப்பார்கள்; உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும், அதை வாசகர் தாமே கூட்டிக் கழித்துக்கொள்ள வேண்டும். அச்சில் இது எளிது. திரையிலோ ஒரு சந்திப்பைக் காட்டிவிட்டால் காட்டியதே உண்மையாகிவிடும். அப்புறம் அவனது குறிப்புக்கும் அவளது குறிப்புக்கும் இடையில் ஊகிக்க எதுவும் மிஞ்சாது. உமேரா இதைச் சமாளித்த விதம் எளிமையானது: நாட்குறிப்பு எழுதும் பழக்கத்தை இருவருக்கும் அப்படியே வைத்தார், சம்பவம் முடிந்ததும் இரவில் மேசையருகே அமர்ந்து எழுதும் குரலைக் கேட்க வைத்தார். கஷஃபாக நடித்த சனம் சயீத் இறுக்கமான முகத்தோடு அமைதியாக எழுதிக்கொண்டிருக்க, கடவுளிடம் அவள் வைக்கும் முறைப்பாடு பின்னணியில் ஒலிக்கும். வாய் பேசாததை எழுத்து பேசுகிறது. நாவலின் உயிர் இருந்தது அந்த முறைப்பாட்டில்தான். அது தப்பிப் பிழைத்தது. ஈடாக, இருபத்தாறு வாரங்களை நிரப்புவதற்காகச் சுற்றியிருந்த வீடுகள் நாவலில் இருந்ததைக் காட்டிலும் பெருத்தன. ஸாரூனின் அக்கா சாராவின் திருமண முறிவுக்குக் கொடுத்த நேரம் எனக்குச் சற்று அதிகமாகவே பட்டது.

இரண்டாவது, 2009 இல் ஜியோவில் தொடங்கிய ‘மேரி ஸாத் ஸர்ரா-ஏ-பேநிஷான்’. தாய் இறந்த பின் ஓர் இளம்பெண், தாய் கொடுத்துவிட்டுப் போன கடிதத்தோடு, தனக்கு அறிமுகமில்லாத ஒரு மனிதரின் வீட்டுக்கு வருகிறாள். அவர் ஏன் அந்தப் பெயரைக் கேட்டதும் கலங்கினார் என்பதைக் கதை பின்னோக்கிச் சென்று சொல்கிறது. நடுவிலிருப்பது ஒரு பொய்ச் சத்தியம். மருமகளாக வந்த சபாவின் நடத்தையைக் குறித்து மாமியார் குர்ஆன் மீது கைவைத்துப் பொய் சொல்கிறார். அந்த ஒரு கணத்தில் சபாவின் மணவாழ்க்கையும் மானமும் போய்விடுகின்றன. நாவலில் இது சில வரிகள். தொலைக்காட்சியிலோ அந்தக் கை, அந்த முகம், சுற்றி நிற்பவர்களின் மௌனம் என்று காட்சி நீள்கிறது. நம் ஊரிலும் கோயிலில் கற்பூரம் அணைப்பதும் பள்ளிவாசலில் சத்தியம் செய்வதும் வழக்குகளைத் தீர்த்துவைத்த காலத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சியின் கனம் புரியும். நாவலாசிரியரே திரைக்கதையையும் எழுதியதால் எந்த வரியை நீட்டலாம், எதைத் தொடக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாம் கேள்விக்குப் பதில் வழக்கத்தில் இருக்கிறது. பாகிஸ்தான் அரச தொலைக்காட்சி வாரம் ஒரு பகுதியாக, மூன்று மாதத்துக்குப் பதின்மூன்று பகுதிகள் என்று தொடர்களை அமைத்தது. தனியார் அலைவரிசைகள் அதை இருபதுக்கு மேல் நீட்டினாலும், முடிவு ஒன்று உண்டு என்ற ஒழுங்கைக் கைவிடவில்லை. நாளாந்தத் தொடரில் எழுத்தாளர் அன்றைய தேவைக்கு எழுதுகிறார். வாராந்தத் தொடரில் முடிவைத் தெரிந்துகொண்டு எழுதுகிறார். இது நமக்கும் புதிதன்று. புண்யகாந்தி விஜேநாயக்க 1971 இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘கிரய’ நாவலை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1992 இல் சிங்களத் தொலைக்காட்சி நாடகமாக்கியதைப் பார்த்தவர்கள், அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்த அந்தப் பழைய சுகத்தை மறந்திருக்க மாட்டார்கள்.

மட்டக்குளி வாசகர் ஒருவர்: என் நண்பர், அவரை ‘டைஜஸ்ட் எழுத்தாளர்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறார். இலக்கியவாதி என்று கொள்ள இடமில்லையா?

உங்கள் நண்பர் தனித்தவர் அல்லர். உருது விமர்சகர்களிலும் அந்தக் குரல் உண்டு. நம்மிடையே ‘குடும்ப நாவல்’ என்று சொல்லும்போது உதட்டோரம் ஒரு சுழிப்பு வருமே, அதுவேதான்.

ஆனால் உருது நாவலின் பிறப்பைப் பார்த்தால் அந்தச் சுழிப்புக்கு அவ்வளவு இடமில்லை. முதல் உருது நாவலாகப் பலரும் கொள்ளும் ‘மிராத்-உல்-உரூஸ்’ 1869 இல் நஸீர் அஹ்மத் எழுதியது. ‘மணமகளின் கண்ணாடி’ என்று அதன் பெயருக்குப் பொருள். வீட்டுப் பெண் பிள்ளைகள் வாசித்து ஒழுகுவதற்கென்றே எழுதப்பட்டது. அக்பரி என்ற அடங்காத அக்காவையும் அஸ்கரி என்ற சமர்த்தான தங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, குடும்பம் எவளால் உருப்பட்டது என்று காட்டும் நூல். அரசாங்கப் பரிசும் பெற்றது. ஆக, பெண் வாசகர், குடும்பம், நற்போதனை என்ற மூன்றும் உருது நாவலுக்குப் பிற்காலத்தில் டைஜஸ்ட் ஒட்டிவிட்ட ஒட்டுகள் அல்ல. 2012 இல் அதே நாவலின் பெயரோடும் கருவோடும் ஜியோவில் ஒரு தொடர் வந்தது. எழுதியவர் உமேரா அஹ்மத். தாம் எந்த வரிசையில் நிற்கிறார் என்பதை அவர் நன்கு அறிந்தே இருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதனாலேயே அவர் மீதான இன்னொரு குறையையும் நான் மறைக்க மாட்டேன். கஷஃப் படித்து, பாகிஸ்தானின் மத்திய நிர்வாக சேவைப் பரீட்சையில் தேறி, பதவிக்கு வருகிறாள். தாய் தன் உழைப்பில் மூன்று பெண்களை ஆளாக்குகிறாள். இவ்வளவையும் எழுதிய அதே கை, வேலைக்குப் போகும் ஸாரூனின் தாயையும், விருப்பப்படி வாழும் அவனது அக்காவையும் மணவாழ்க்கைக்கு ஆகாதவர்களாகவே எழுதியிருக்கிறது. ஏழை வீட்டுப் பெண் உழைத்தால் தியாகம், பணக்கார வீட்டுப் பெண் உழைத்தால் தன்முனைப்பு என்று தராசு சாய்கிறது. அக்பரியும் அஸ்கரியும் உடைமாற்றி வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நல்ல கதைசொல்லி என்பதை இது குறைக்காது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட முடியாது.

மருதானை வாசகி ஒருவர்: ‘பீர்-ஏ-காமில்’ படித்திருக்கிறீர்களா? என் வகுப்புத் தோழிகள் ஆங்கிலத்தில் படித்துவிட்டு அழுதார்கள்.

ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். 2004 இல் நூலாக வந்த அந்த நாவல்தான் தொலைக்காட்சியின் துணையில்லாமலே அவருக்குப் பெரும் வாசகக் கூட்டத்தைத் தேடித் தந்தது. அபார அறிவும் அலட்சியமும் கொண்ட சாலார் சிக்கந்தர் என்ற இளைஞன் அழிவின் விளிம்புவரை போய் இறைநம்பிக்கைக்குத் திரும்புவது ஒரு பாதி. அஹ்மதியா குடும்பத்தில் பிறந்த இமாமா ஹாஷிம் அந்த நம்பிக்கையை விட்டு வீட்டைவிட்டு வெளியேறுவது மறுபாதி. சாலார் தன்னையே வெறுக்கும் பக்கங்கள் வலுவானவை. இமாமாவின் கதையில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. பாகிஸ்தான் 1974 இல் அரசியலமைப்பைத் திருத்தி அஹ்மதியாக்களை முஸ்லிம் அல்லாதவர்கள் என்று அறிவித்தது. அன்றிலிருந்து அவர்கள் நெருக்கடியில் வாழும் ஒரு சிறுபான்மையினர். அப்படிப்பட்டவர்களின் வீட்டை, வெளியேறுகிறவளின் கண்ணால் மட்டும் காட்டும்போது, அங்கேயே இருந்துவிட்டவர்களின் நியாயம் ஒரு பக்கம்கூடப் பெறுவதில்லை. சிறுபான்மையினராக வாழ்ந்து பழகிய நமக்கு அது உறுத்தாமல் இருக்காது. உங்கள் தோழிகளின் கண்ணீரை நான் குறை சொல்லவில்லை. இதன் தொடர்ச்சி ‘ஆப்-ஏ-ஹயாத்’ என்ற பெயரில் வந்திருக்கிறது.

கொட்டாஞ்சேனை வாசகர் ஒருவர்: இவருக்கு முன் உருதுத் தொலைக்காட்சியில் பெண் எழுத்தாளர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள், இவருக்குப் பாதை போட்டதும் அவர்களே. ஹைதராபாத் சமஸ்தானத்திலிருந்து 1948 இல் கராச்சிக்குக் குடிபெயர்ந்த ஃபாத்திமா சுரய்யா பஜியா பள்ளிக்கூடம் போகாதவர், வீட்டிலேயே கற்றவர். ‘ஷமா’, ‘அஃப்ஷான்’ ஆகிய தொடர்களை ஏ. ஆர். காத்தூனின் நாவல்களிலிருந்து எடுத்து எழுதினார். பிறருடைய நாவலைத் திரைக்கு மாற்றும் கலையில் அவரை மூத்த ஆசான் என்றே சொல்லலாம். ‘பஜியா’ என்றால் அக்கா. நாடே அவரை அப்படித்தான் அழைத்தது. 2016 இல் காலமானார். ஹஸீனா மொயின் மறுவகை: பெரும்பாலும் நாவலைத் தழுவாமல் தொலைக்காட்சிக்கென்றே எழுதியவர். ‘அன்கஹி’, ‘தூப் கினாரே’ போன்றவற்றில் வாயாடும், வேலைக்குப் போகும், தடுக்கி விழும் பெண்களைப் படைத்தார். 2021 இல் காலமானார். ஹஸீனாவின் நாயகிகள் சிரித்த அளவுக்கு உமேராவின் நாயகிகள் சிரிப்பதில்லை என்பது என் சிறு மனக்குறை.

தெஹிவளை வாசகி ஒருவர்: நானும் ஒரு நாவல் எழுதி வைத்திருக்கிறேன். தொலைக்காட்சிக்குக் கொடுக்க விரும்புகிறேன். உமேராவிடமிருந்து நான் எதை எடுத்துக்கொள்ளலாம்?

முதலில் சஞ்சிகையில் தொடராக வரச் செய்யுங்கள். எங்கே வாசகர் கடிதம் எழுதுகிறார்கள், எங்கே எழுதாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதை வேறு எந்த வழியாலும் அறிய முடியாது. உமேரா சுமார் பத்தாண்டு காலம் அச்சில் நின்ற பிறகே திரையில் பெயர் பெற்றார் என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து, நாவலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்காமல் திரைக்கதையையும் நீங்களே எழுதக் கேளுங்கள்; ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் நூலுரிமை யாரிடம் இருக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வடிவங்களையும் ஒருவரே கையில் வைத்திருப்பதன் பயனை 2019 இல் ஜியோவில் வந்த ‘அலிஃப்’ காட்டும். எழுத்தணிக் கலைஞரான தாத்தாவுக்கும் புகழ் தேடும் திரைப்பட இயக்குநரான பேரனுக்கும் இடையிலான கதை அது. தொடராகவும் நாவலாகவும் இரண்டையும் அவரே எழுதினார். தாத்தா எழுதும் கடவுளின் பெயர்களையும் பேரன் எடுக்கும் படங்களையும் எதிரெதிரே வைக்கும் அந்தத் தொடரில், பேனா தாளில் உரசும் ஓசைக்குக்கூட இடம் கிடைத்திருக்கிறது.

அதற்கு முன், உங்கள் நாவலின் முதல் அத்தியாயத்தை எனக்கு அனுப்பிவையுங்கள். எந்த இடத்தில் ‘பாக்கி அடுத்த மாதம்’ போடலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.